ரையன் டேயின் 12 தோல்விகள்

குழு: கோவில்பட்டி வீடு
31 டிசம்பர் 2025, இரவு (கொலம்பஸ் நேரம்)

கவின் (அட்லாண்டா): முடிந்தது. 24-14. மயாமி பத்தாவது இடத்தில் இருந்து பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்கு வந்த அணி, நாம், ஒஹாயோ ஸ்டேட், இரண்டாவது. பாதி ஆட்டத்தில் 14-0 என்று நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய ஆட்டம் வந்தால் நம் கோச் ரையன் டேயால் முடியவில்லை, இதை இன்னும் எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருப்பது?

சண்முகம் (கோவில்பட்டி): எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே காலை ஒன்பதரை ஆகிறது, செண்பகவல்லி அம்மன் கோவிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறேன். கவின், யாரால் என்ன முடியவில்லை?

நிலா: பெரியப்பா, அமெரிக்க ஃபுட்பாலில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி தோற்றுவிட்டது. டெக்சஸில் காட்டன் பவுல், பவுல் என்றால் சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டம், அதுதான் இந்த முறை காலிறுதி. அண்ணன் கோச்சைத் திட்டுகிறான்.

சண்முகம் (கோவில்பட்டி): போன ஜனவரியில் இவர்கள்தானே கோப்பை வாங்கினார்கள்? அட்லாண்டா மைதானத்தில் இருந்து கவின் வீடியோ அனுப்பினானே, தொண்டை கட்டிப்போய் பேச்சே வரவில்லை.

கவின் (அட்லாண்டா): ஆமாம் பெரியப்பா, அதே கோச்தான். அதற்காகக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியுமா? 82 வெற்றி, 12 தோல்வி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 12 எங்கே என்று பாருங்கள். பரம எதிரி மிச்சிகனிடம் 4, பவுலிலும் பிளேஆஃபிலும் 5, இந்த டிசம்பரில் நாம் ஆடும் பிக் டென் லீக்கின் இறுதியில் இண்டியானாவிடம் 13-10. பத்து ஆயிற்றா? மீதி இரண்டும் ஆரிகனிடம். ஆண்டுக்கு 12.5 மில்லியன் டாலர் சம்பளம் கொடுப்பது செப்டம்பரில் சின்ன அணிகளை 50 புள்ளி வித்தியாசத்தில் அடிப்பதற்கா?

ராஜவேல் (கொலம்பஸ்): கவின், நீ சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் அதில் இருந்து நீ எடுக்கிற முடிவு தவறு. ஒருவர் சின்ன ஆட்டம் எதிலும் தோற்கவில்லை என்றால், அவருடைய தோல்விகள் எல்லாம் பெரிய ஆட்டங்களில்தானே இருக்கும்? வேறு எங்கே இருக்க முடியும்? வருடத்துக்கு நாலு ஆட்டம் தோற்கிற கோச் இரண்டைச் சின்ன அணிகளிடம் தோற்றிருப்பார், அவரைப் பார்த்து பெரிய ஆட்டத்தில் மட்டும் தோற்கிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நன்றாக வேலை செய்கிறவருக்கு மட்டும்தான் இந்தப் பழி வரும்.

தேவகி: இரண்டு பேரும் முதலில் எல்லோருக்கும் வாழ்த்து சொல்லுங்கள். அத்தான், வணக்கம். அக்காவுக்கும் சொல்லிவிடுங்கள். இந்த வீட்டில் டிசம்பர் 31 என்றாலே இப்படித்தான் ஆகிறது, மூன்று வருடத்துக்கு முன்னும் இதே கதை.

மீனா (நோவை, மிச்சிகன்): சித்தி, அந்த ஜார்ஜியா ஆட்டமா? நாங்களும் அன்றைக்கு உங்கள் வீட்டில்தானே இருந்தோம்.

தேவகி: அதேதான். பன்னிரண்டு அடிக்கப் போகிறது என்று கேக்கை எடுத்து மேசையில் வைத்து, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிவியில் அந்தப் பையன் உதைக்கப் போகிறான், பக்கத்து வீட்டில் பட்டாசுச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. பந்து இடது பக்கம் எங்கோ போனது. அதன் பிறகு அரை மணி நேரம் ஒருவரும் ஹேப்பி நியூ இயர் என்று வாய் திறக்கவில்லை. நானே கேக்கை வெட்டி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன், மீனாவின் மாப்பிள்ளை மட்டும்தான் சாப்பிட்டார், அவர் மிச்சிகன்காரர்.

ராஜவேல் (கொலம்பஸ்): அண்ணே, இதை உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். 2022 டிசம்பர் 31, அரையிறுதி, ஜார்ஜியா 42, ஒஹாயோ ஸ்டேட் 41. கடைசிக் கால்பகுதி ஆரம்பிக்கும்போது நாம் 38-24 என்று முன்னால் இருந்தோம், அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எறியும் பந்தைப் பிடிக்கிற நம் சிறந்த ரிசீவர் மார்வின் ஹாரிசன் தலையில் அடிபட்டு வெளியே போனான். கடைசி நொடிகளில் 50 யார்டு தூரத்தில் இருந்து ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது, அது உள்ளே போயிருந்தால் இறுதி ஆட்டம் டிசியு அணியோடு. அந்த டிசியுவை ஜார்ஜியா இறுதியில் 65-7 என்று அடித்தது. இப்போது சொல்லுங்கள், அந்த உதை போகவில்லை என்பதால் கோச் கெட்டவர், போயிருந்தால் அதே கோச் பெரிய மூளைக்காரர் என்றால், நாம் எடை போடுவது கோச்சையா, உதைத்த பையனுடைய காலையா?

சண்முகம் (கோவில்பட்டி): தம்பி, இது எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பதினொரு வருடம் ஹாக்கி அணியைப் பார்த்துக்கொண்டேன். காலையில் ஐந்தரைக்கு மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து, பையன்களுக்கு அவித்த பயறு கொடுத்து, அப்புறம்தான் ஓடவிடுவேன். ஒரு வருடம் வருவாய் மாவட்டப் போட்டி இறுதியில் டை-பிரேக்கர். கடைசியாக அடித்த பையன் பந்தைக் கம்பத்தில் அடித்தான். அடுத்த ஜூனில் அணியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த டங் என்ற சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கும். அந்தப் பையனை ஒரு நாளும் நான் குறை சொன்னதில்லை.

மீனா (நோவை, மிச்சிகன்): அப்பா, இதை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லை.

1 ஜனவரி 2026, காலை

கவின் (அட்லாண்டா): பெரியப்பா, இரவு உங்கள் செய்தியைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் ஒரு டை-பிரேக்கரை வைத்து நான் பேசவில்லை, ஏழு வருடக் கணக்கை வைத்துப் பேசுகிறேன். அப்பா, அந்தக் காலத்தில் நம் கோச்சாக இருந்த ஜான் கூப்பரை நீக்கியதால்தானே ஜிம் டிரெசல் வந்தார், இரண்டாவது வருடமே 14 ஆட்டத்தையும் ஜெயித்து கோப்பை வந்தது? நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்!

ராஜவேல் (கொலம்பஸ்): கூப்பரை எடுத்தாயா, நல்லது, அவர் காலத்தை நான் கண்ணால் பார்த்தவன். நான் கொலம்பஸ் வந்தது 1996 ஆகஸ்ட். அடுத்த ஜனவரி 1 ரோஸ் பவுல், அரிசோனா ஸ்டேட்டோடு, 19 நொடி இருக்கும்போது நம் டேவிட் பாஸ்டன் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்து டச் டவுன், 20-17. ஆட்டத்தின் விதிகூடத் தெரியாமல் அபார்ட்மென்ட்டில் எல்லோரோடும் சேர்ந்து கத்தினேன். அந்த மனிதரைத்தான் 2001 ஜனவரி 1 அன்று சவுத் கரோலைனாவிடம் 24-7 தோற்றதும் மறுநாளே அனுப்பினார்கள். 13 வருடம், 111 வெற்றி, 43 தோல்வி, 4 சமன். ஆனால் மிச்சிகனோடு 2 வெற்றி, 10 தோல்வி, 1 சமன். பவுலில் 3 வெற்றி, 8 தோல்வி. இரண்டையும் கூட்டு, 24 ஆட்டத்தில் 5 வெற்றி. இதை ஒரு பந்து கம்பத்தில் பட்டது என்று தள்ள முடியாது, அதனால் அவர் போனதை நான் குறை சொல்லவில்லை. இதே கணக்கை ரையன் டேக்குப் போடு. மிச்சிகனோடு 2 வெற்றி 4 தோல்வி, பவுலும் பிளேஆஃபும் சேர்த்து 6 வெற்றி 5 தோல்வி. மொத்தம் 17இல் 8. எதிரில் நின்றவர்களில் பெரும்பாலோர் நாட்டின் உச்சத்தில் இருக்கிற அணிகள். கூப்பருடைய 5ஐயும் இந்த 8ஐயும் ஒரே தட்டில் வைக்காதே.

மீனா (நோவை, மிச்சிகன்): இதில் எங்கள் ஊர்க் கதையையும் சொல்கிறேன். ஜிம் ஹார்பா மிச்சிகனுக்குக் கோச்சாக வந்த பிறகு முதல் பவுலில் ஃபுளோரிடாவை 41-7 என்று அடித்தார், அதற்கு அப்புறம் வரிசையாக நாலு பவுலில் தோல்வி. ஒஹாயோ ஸ்டேட்டை ஐந்து முறை எதிர்த்து ஐந்து முறையும் தோல்வி. 2020இல் மொத்தமே 2 வெற்றி, 4 தோல்வி. இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் கொடியையே இறக்கிவிட்டார். பல்கலைக்கழகம் அவரை அனுப்பவில்லை, சம்பளத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டது. அவரும் உதவிக் கோச்சுகளை மாற்றினார். அடுத்த மூன்று வருடமும் ஒஹாயோ ஸ்டேட்டை அடித்தோம். அப்போதும் பிளேஆஃபில் ஜார்ஜியாவிடம் தோற்றோம், டிசியுவிடம் 51-45 தோற்றோம், ஆக ஏழு பவுலில் 1 வெற்றி 6 தோல்வி! எட்டாவது ரோஸ் பவுல், அலபாமாவை ஓவர்டைமில் 27-20, அப்புறம் வாஷிங்டனை 34-13, கோப்பை வந்தது. பவுல் கணக்கை வைத்து 2020இல் அனுப்பியிருந்தால் எங்களுக்கு அது கிடைத்திருக்குமா?

கவின் (அட்லாண்டா): அக்கா, சரி. ஆனால் பென் ஸ்டேட்டில் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினையும் இப்படித்தானே பொறுத்துக்கொண்டிருந்தார்கள்? முதல் பத்து இடத்தில் உள்ள அணிகளோடு 4 வெற்றி, 21 தோல்வி.

ராஜவேல் (கொலம்பஸ்): அது 25 ஆட்டம், அதற்கு எடை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரை அனுப்பியது பவுல் தோல்விக்காக அல்ல. போன ஜனவரியில் அவர் அரையிறுதி வரை போனார், நாட்டர் டேமிடம் 27-24. அக்டோபரில் யுசிஎல்ஏ, நார்த்வெஸ்டர்ன் என்று தோற்கவே கூடாத அணிகளிடம் தோற்றதும் போய்விட்டார். ஜனவரியில் நன்றாக ஆடியது அக்டோபரில் காப்பாற்றவில்லை, பார்த்தாயா.

நிலா: நான் ஒன்று சொல்லட்டுமா? 2024 நவம்பர் 30, மிச்சிகன் ஆட்டத்துக்கு நான் மாணவர் பகுதியில் நின்றேன். 45 நொடி இருக்கும்போது அவர்கள் ஃபீல்டு கோல் அடித்து 13-10. அப்புறம் நடு மைதானத்தில் கொடியை நட வந்தார்கள், சண்டை, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தார்கள். என் பக்கத்தில் நின்ற பையன் தொப்பியைக் கழற்றி காலடியில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான், எல்லோரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. ஸ்டேடியம் முழுக்க கோச்சை நீக்கு என்றுதான் பேச்சு. டிசம்பர் 21 டென்னஸி ஆட்டம் வந்தது. விடுமுறை, பாதி மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், எங்கு பார்த்தாலும் டென்னஸியின் ஆரஞ்சு நிறம், குளிரில் கையுறைக்குள் விரல் மரத்துவிட்டது. முதல் கால்பகுதி முடியும்போது 21-0! எதிரில் இருந்த ஆரஞ்சுப் பக்கம் அப்படி அமைதியாகிவிட்டது. அதே கோச், அதே வீரர்கள், மூன்று வாரம்தான் இடைவெளி. அப்புறம் ஆரிகன், டெக்சஸ், நாட்டர் டேம், ஜனவரி 20 கோப்பை.

தேவகி: அந்த மூன்று வாரத்தில் அந்த மனிதர் வீட்டுக்கு ஆயுதம் வைத்த காவல் போட வேண்டியிருந்தது என்று செய்தி வந்ததே, அதை யாரும் பேசவில்லை. சின்ன வயதிலேயே அப்பாவைத் தற்கொலையில் இழந்தவர், இளம் பிள்ளைகளின் மனநலத்துக்காகக் கணவனும் மனைவியும் சேர்ந்து நிதி நடத்துகிறார்கள். ஆட்டத்தில் குறை சொல்லுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கவின் (அட்லாண்டா): அம்மா, அதை நான் என்றைக்கும் ஆதரிக்க மாட்டேன். சரி, அப்பா சொல்கிற கணக்கை நான் ஏற்றுக்கொள்கிறேன், அவரை நீக்கச் சொல்லவில்லை. அப்படியென்றால் நேற்று நடந்ததற்கு யாருக்குமே பொறுப்பு இல்லையா?

ராஜவேல் (கொலம்பஸ்): இருக்கிறது, அதைத்தான் நேற்று இரவில் இருந்து சொல்ல நினைக்கிறேன். ஸ்கோரை விட்டுவிட்டு, அவர் எடுத்த முடிவுகளைப் பார். 2023 வரை ப்ளே சொல்வது, அதாவது அடுத்து எப்படி ஆட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அணிக்குச் சொல்வது, அவரே. 2024இல் சிப் கெல்லியைக் கூட்டிவந்து அதை அவர் கையில் கொடுத்தார், கோப்பை வந்தது. இந்த சீசனில் உதவிக் கோச் பிரையன் ஹார்ட்லைன். ஹார்ட்லைன் சவுத் ஃபுளோரிடாவுக்குத் தலைமைக் கோச்சாகப் போகிறார் என்றதும், காட்டன் பவுலில் ரையன் டே மறுபடி தானே ப்ளே சொன்னார். 25 நாள் ஆட்டமே இல்லாமல் இருந்துவிட்டு வந்த அணி, பந்தை எறிகிற நம் குவாட்டர்பேக் ஜூலியன் சேயின் பந்தைக் கையில் எடுத்தாலே மயாமி ஆட்கள் மேலே வந்து விழுகிறார்கள். அப்படி இருக்கும்போது அவர்கள் எதிர்பார்த்து நிற்கிற இடத்திலேயே பக்கவாட்டில் கிட்டத்தில் எறியும் அந்த ஸ்கிரீன் பாஸ், மயாமியின் கியோன்டே ஸ்காட் குறுக்கே பாய்ந்து பிடித்து 72 யார்டு ஓடி டச் டவுன். அந்த ஓட்டம்தான் ஆட்டம். இது காற்று அடித்து நடந்தது அல்ல, இந்தக் குறைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கவின் (அட்லாண்டா): இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன் அப்பா! எனக்கும் அதுதான். ப்ளே சொல்ல ஒரு நல்ல ஆளை வெளியில் இருந்து கொண்டுவர வேண்டும், கெல்லி மாதிரி, டேயிடமே இல்லை என்று சொல்லக்கூடிய ஆள். பிப்ரவரிக்குள் யாரை எடுக்கிறார் என்று பார்க்கிறேன், அதை வைத்துத்தான் நான் பேசுவேன்.

மீனா (நோவை, மிச்சிகன்): சித்தப்பா, அந்த 25 நாள் விஷயம் முக்கியம். போன வருடம் முதல் சுற்று ஆடாமல் நேராகக் காலிறுதிக்கு வந்த நாலு அணிகளும் தோற்றன. ஆரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட். நேற்றையதைச் சேர்த்தால் ஐந்துக்கு ஐந்து. போன வருடம் உங்களுக்கு அந்த ஓய்வு கிடைக்காததே நல்லதாகப் போயிற்று, டென்னஸியை அடித்த சூட்டோடு போனீர்கள்.

சண்முகம் (கோவில்பட்டி): ஓய்வு கொடுத்தால் கால் மறந்துவிடும், இது உண்மை. பொங்கல் லீவு முடிந்து வந்தால் என் பையன்களுக்கு ஸ்டிக் பிடிக்கவே இரண்டு நாள் ஆகும். அப்படி ஓய்வில் இருந்த வேறு அணிகள் இன்றைக்கு ஆடுகின்றனவா?

நிலா: மூன்று இருக்கிறது பெரியப்பா. டெக்சஸ் டெக், இண்டியானா, ஜார்ஜியா. முதல் ஆட்டம் இங்கே நண்பகல், உங்களுக்கு இரவு பத்தரை.

சண்முகம் (கோவில்பட்டி): பத்தரை வரை விழித்திருப்பேன். நிலா, நீ கால்பகுதிக்கு ஒரு முறை இங்கே எழுது, எந்த அணி ஓய்வில் இருந்தது என்று ஒவ்வொரு முறையும் சொல்லு, எனக்குப் பெயர் மாறிவிடும்.

ராஜவேல் (கொலம்பஸ்): அண்ணே, வீடியோ காலில் போனை டிவிக்கு முன்னால் வைக்கிறேன், நீங்களே பாருங்கள். தேவகி நேற்று வெட்டாத கேக்கை இப்போதுதான் எடுத்து வைத்திருக்கிறாள்.