66 வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தபோது

சென்ற ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவ உளவியலாளர் ஒருவர் எனக்கு ஆட்டிசம் (பிறரோடு பழகுவதையும் ஒலி, ஒளி போன்றவற்றை உணர்வதையும் மாற்றும், பிறவியிலேயே அமைந்த மூளை வளர்ச்சி வேறுபாடு) இருப்பதை உறுதி செய்தபோது எனக்கு வயது 66. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதற்குக் கிடையாது. குழந்தைப் பருவம் முதல் நாம் எப்படி இருந்தோம் என்பதைத் துருவிக் கேட்டும், நேரில் கவனித்தும்தான் முடிவுக்கு வருகிறார்கள். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டதால், என் சிறு வயதைப் பற்றிச் சொல்லப் பெரிய அக்கா உடன் வந்தார்.

அக்கா சொன்னவற்றில் பாதியை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிகள் சட்டத்தின் பேரில் எங்கள் குடும்பத்தை டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வெளியேற்றி, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் குடியமர்த்தியபோது நான் சிறுவன். புது வீட்டில் யாரிடமும் வாய் திறவாமல், பழைய வீட்டுக் கதவிலிருந்து அப்பா கழற்றி வந்த தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை இழுப்பதும் தள்ளுவதுமாகவே மாதக்கணக்கில் இருந்தேனாம். தெருவே அழுதுகொண்டிருந்த காலத்தில் ஒரு பிள்ளையின் மௌனம் யார் கண்ணிலும் தனியாகப் படவில்லை. ஆடி மாதக் கூழ் பூஜைக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போனால், உடுக்கையும் மேளமும் தொடங்குவதற்கு முன்பே அம்மா என்னைப் பின்புறம் அழைத்துச் சென்று, பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் பெண்களிடம் விட்டு வருவாராம். "பிள்ளைக்குச் சத்தம் ஆகாது" என்பதற்கு மேல் அவர் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை என்று அக்கா சொன்னதும் நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

முடிவு தெரிந்த பிறகு நிம்மதியைவிடக் கோபமே முதலில் வந்தது. நான் பிறப்பதற்கு முன்பே, 1943இல், மனநல மருத்துவர் லியோ கேனர் குழந்தைகளிடம் கண்ட ஆட்டிசத்தை விவரித்து எழுதிவிட்டார். ஆனால் நன்றாகப் பேசி, படித்து, வேலைக்குப் போகிற ஒருவருக்கும் இது இருக்கலாம் என்ற எண்ணம், 1981இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் எழுதிய கட்டுரைக்குப் பிறகே மெல்லப் பரவியது. ஒலியையும் ஒளியையும் தாங்க இயலாமை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்ந்தது 2013இல்தான். அதற்கிடையே கணக்கர் வேலையில் என் காலம் கழிந்துவிட்டது. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச என்னை வருத்திப் பழக்கிக்கொண்டு, மாலையில் வீடு திரும்பியதும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். அதைப் பாராமுகம் என்று எண்ணி என் மனைவி மனம் புழுங்கிய ஆண்டுகள் உண்டு. மற்றவை ஆறினாலும், அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது கூட்டமான விசேஷங்களுக்கு நான் விடியற்காலையிலேயே போய்விட்டு வந்துவிடுகிறேன். காரணத்தையும் உறவினர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து கிடையாது, நான் அதைத் தேடவும் இல்லை. என் வயதில் பரிசோதனைக்குப் போக எண்ணுகிறவர்கள் பழைய பள்ளி அறிக்கைகள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைச் சிறு வயதில் தூக்கி வளர்த்தவர் ஒருவர் இன்னும் நம்மோடு இருந்தால், தள்ளிப்போடாமல் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.