கலைச்சொல் உதவி: டீசல் லைனில் காற்றைக் காட்டும் குழாய்

சேலம், பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு ஒரு செய்முறைக் கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

வேலை இதுதான். ஃபீட் பம்ப் டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. அந்தப் பக்கம் ஒரு வாஷர் தேய்ந்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். துணி வைத்துத் துடைத்தாலும் ஈரம் படாது. இரவு நிறுத்திய வண்டி காலையில் எடுக்காது. எடுத்தாலும் அரை நிமிடத்தில் அணைந்துவிடும். காற்று அமுங்கும் பொருள் என்பதால் இன்ஜெக்‌ஷன் பம்ப் எவ்வளவு அழுத்தினாலும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்காது. அதனால் ரப்பர் ஓஸைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரிகிற ஓஸ் ஒரு முழம் மாட்டி ஓட்டிப் பார்க்கிறோம். குமிழி ஓடினால் காற்று வருகிறது என்று பொருள்.

அந்த ஓஸுக்கு ஒரு பெயர் வேண்டும், அந்தக் கோளாறுக்கு ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு ‘ஒளி ஊடுருவும் எரிபொருள் குழாய்’, ‘காற்றுக் கசிவு’ என்று எழுதியிருக்கிறேன். வகுப்பில் படித்துக் காட்டினேன், ஒருவருக்கும் ஏறவில்லை.

அம்மாபேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, ‘தெளிகுழல்’ என்று வையுங்கள். தெள் என்பது நல்ல வேர். தெள்ளிய நீர் தெண்ணீர். முறத்தில் தானியத்தைத் தெள்ளுவதும் அந்த வேர்தான். தேறு, தேறல், கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டை எல்லாம் இதன் உறவு என்பது என் துணிபு. கலங்கலுக்கு எதிர்ச்சொல் இவ்வளவு வளமாக இருக்கும்போது ‘ஒளி ஊடுருவும்’ என்று ஏன் நீட்டி முழக்க வேண்டும்?

இன்னொன்று. ‘கசிவு’ இங்கே பிழை. கசிதல் உள்ளிருந்து வெளியே வருவது. பாறையில் நீர் கசிகிறது. ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்று சம்பந்தர் பாடியதும் அப்படித்தான். உங்கள் காற்றோ வெளியிலிருந்து உள்ளே போகிறது.

ஆத்தூர், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா சொன்ன கசிவு விளக்கம் மிகச் சரி. ஆனால் தெளிகுழல் என்றால் டீசலைத் தெளியவைக்கும் குழல் என்று படிப்பார்கள். டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்க வண்டியில் தனியாக ஒரு கிண்ணம் இருக்கிறது, அதோடு குழம்பும். ‘பளிங்குக் குழல்’ எப்படி? ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்று குறளே இருக்கிறது.

சேலம், பயிற்றுநர்:

பளிங்கு என்றால் என் மாணவர்களுக்குத் தரையில் போடும் கல்தான் தெரியும், அதற்குள் ஒன்றும் தெரியாது. மேலும் குறளில் வரும் பளிங்கு பக்கத்தில் இருப்பதைக் காட்டுகிறது. நமக்கு வேண்டியது உள்ளே ஓடுவதைக் காட்டுவது.

ஏற்காடு, பட்டறைக்காரர்:

நான் அதிகம் எழுதுபவன் அல்ல. போன வாரம் ஒரு எஸ்டேட் ஜீப் வந்தது. சமதளத்தில் ஒழுங்காக ஓடுகிறது, மலை ஏறும்போது திணறுகிறது. இங்கே 20 கொண்டை ஊசி வளைவு. வண்டி மூக்கைத் தூக்கினால் பின்னால் உள்ள டாங்க் தாழ்ந்துபோகும், பம்ப் இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டும். சின்ன ஓட்டை இருந்தாலும் அப்போதுதான் காட்டும். ஃபில்டருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் நடுவே தெரிகிற ஓஸை மாட்டினேன். கடுகு கடுகாகக் குமிழி வரிசையாக வந்தது. அப்புறம் அதே ஓஸை ஃபீட் பம்புக்கு முன்னால் மாட்டினேன், அங்கே ஒன்றும் இல்லை. அப்படியென்றால் டாங்க் லைன் சுத்தம், கோளாறு ஃபீட் பம்பில். அதில் டீசலை ஏற்றக் கையால் அடிக்கும் பிரைமரின் சீல் போயிருந்தது.

இதை நாங்கள் ‘ஏர் இழுக்குது’ என்போம். சங்ககிரி லாரிப் பட்டறையிலும் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களிடமும் இதே பேச்சுதான். கையேட்டில் இதையும் போடுங்கள் சார்: வேலை முடிந்ததும் அந்த ஓஸைக் கழற்றிவிட வேண்டும். சாதாரண பிவிசி ஓஸ் டீசலில் ஊறி விறைத்துப்போகும். நாசிலுக்குப் போகும் உயரழுத்த லைனில் மாட்டவே கூடாது.

சேலம், பயிற்றுநர்:

அண்ணா, சொல்லைக் கையில் கொடுத்துவிட்டீர்கள். ‘காற்றிழுப்பு’. காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. பட்டறைக்குப் போகும் பையனுக்கும் புரியும்.

ஓஸுக்கு ‘காண்குழல்’ என்று நினைக்கிறேன்.

ஆத்தூர், மொழிபெயர்ப்பாளர்:

எங்கள் பக்கம் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு நோய். தலைப்பில் அதைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்காதா? ‘காற்றுப்புகல்’ என்று எழுதலாம்.

அம்மாபேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இழுப்பு எனக்குச் சம்மதம். காண்குழல்தான் இடிக்கிறது. குழலா காண்கிறது?

சேலம், பயிற்றுநர்:

உண்கலம் உண்பதில்லையே ஐயா, அதில் நாம் உண்கிறோம். குடிநீரும் குடிப்பதில்லை.

அம்மாபேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வினைத்தொகைக்குப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குழல் என்றால் ஊதுவது. வளைகிற ஓஸுக்கு அது ஒட்டவில்லை. 1916இல் ராஜாஜி தமிழில் அறிவியல் சொற்களை ஆக்க ஒரு சங்கம் தொடங்கினார். அவர் அப்போது நம் சேலத்தில் வழக்கறிஞர். தாவரவியல், வேதியியல், வானியல் வரை சொல் தேடினார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு அவசரப்பட்டு ஒன்றை அச்சேற்ற வேண்டாம். டீசலுக்கும் ஒரு தமிழ்ச்சொல் பார்த்துவிடலாமே?

சேலம், பயிற்றுநர்:

டீசல் ஒரு மனிதரின் பெயர், ருடால்ஃப் டீசல். 1897இல் ஓடிய அவர் எஞ்சினின் பெயர்தான் எண்ணெய்க்கும் வந்தது. அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

இரவு பதினொன்றாகிவிட்டது. காற்றிழுப்புக்கு மூவர் சரி என்கிறோம், ஆத்தூர் நண்பருக்கு மனமில்லை. காண்குழலுக்கு ஐயாவின் மறுப்பு நிற்கிறது. முதல் பக்கத்தில் ‘காண்குழல் (உள்ளே தெரிகிற ஓஸ்)’ என்று ஒருமுறை எழுதிவிட்டு மேலே போகிறேன்.

ஏற்காடு, பட்டறைக்காரர்:

சரி சார். படம் போடும்போது ஓஸின் இரு முனையிலும் கிளிப் வரையுங்கள். அதை இறுக்காவிட்டால் காண்குழலே காற்றிழுக்கும்.

அம்மாபேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தெளிகுழாய் என்றாவது அடுத்த பதிப்பில் பாருங்கள், தம்பி.