தேயிலை விலை குறைந்துதானே போனது, அப்புறம் ஏன் பாஸ்டனில் அத்தனை ஆத்திரம்?

செங்காந்தள்:
அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய பத்து வருஷத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். 1773 தேயிலைச் சட்டம் புதிதாக எந்த வரியும் போடவில்லை. ராத்தலுக்கு 3 பென்ஸ் என்பது 1767இலிருந்தே இருந்த வரி. கிழக்கிந்தியக் கம்பெனி இடைத்தரகர் இல்லாமல் நேராகவே அமெரிக்கக் குடியேற்றங்களில் விற்கலாம் என்று ஆனதால் விலை இறங்கத்தான் வேண்டும். அப்படியிருக்க, டிசம்பர் 16 ராத்திரி மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டும் அளவுக்கு என்ன கோபம்? கடத்தல் வியாபாரிகள் தூண்டிவிட்டார்கள் என்கிறார்கள், சுதந்திர வேட்கை என்கிறார்கள். இரண்டுமே எனக்குப் போதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏடு:
கடத்தல்காரர்கள் விஷயம் பொய்யில்லை. டச்சுத் தேயிலையைத் திருட்டுத்தனமாக இறக்கிச் சம்பாதித்தவர்களுக்கு இந்தச் சட்டம் பிழைப்பில் விழுந்த அடிதான். ஆனால் வரிப்பணம் எங்கே போனது என்று பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஆளுநரின் சம்பளத்தை உள்ளூர்ச் சட்டமன்றம்தான் ஒதுக்கிவந்தது. ஆளுநர் ரொம்பவும் முறுக்கிக்கொண்டால் பணத்தை இழுத்தடிக்கலாம், ஜனங்கள் கையில் இருந்த கடிவாளம் அதுதான். 1767இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கண்ணாடி, காகிதம், ஈயம், பெயிண்ட், தேயிலை மேல் வரி போட்டபோதே, அந்த வருமானத்திலிருந்து ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் அரசரே சம்பளம் தரலாம் என்று வழி செய்துவிட்டார். எதிர்ப்பு வலுத்ததும் 1770இல் மற்ற வரிகளை எடுத்தார்கள், தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். 1772இல் ஆளுநர் ஹட்சின்சனுக்கு அரசர் தரப்பிலிருந்து சம்பளம் என்று ஆனது, அதே வருஷம் உயர் நீதிபதிகளுக்கும் அப்படித்தான் என்று செய்தி வந்தது. இங்கிலாந்தில் நீதிபதியை அரசர் நினைத்த நேரத்தில் தூக்க முடியாது, குடியேற்றங்களிலோ முடியும். நியமிப்பதும் நீக்குவதும் அவர், இப்போது படியளப்பதும் அவர் என்றால் அந்த நீதிமன்றத்தில் சாமானியனுக்கு என்ன கிடைக்கும்? மலிவான தேயிலையை வாங்கிக் குடித்தால் நம் காசிலேயே நம் கடிவாளத்தை அறுத்துக் கொடுக்கிறோம் என்று அவர்கள் நினைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்னொன்று: பாஸ்டனில் அந்தச் சரக்கை விற்க நியமிக்கப்பட்ட முகவர்களில் இரண்டு பேர் ஹட்சின்சனின் சொந்த மகன்கள்!

கடலோரத்தான்:
ஏடு சொன்னதோடு கம்பெனியையும் சேர்த்துப் பார்க்கணும். 1770 பஞ்சத்தில் வங்காளத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள், அப்போதும் கம்பெனி நிலவரி வசூலை விடவில்லை. இரண்டே வருஷத்தில் கம்பெனியே கடனில் மூழ்கி அரசாங்கத்திடம் கையேந்தியது, லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை குவிந்து கிடந்தது. அதைத் தள்ளிவிடத்தான் இந்தச் சட்டம். வங்காளத்தில் நடந்தது அமெரிக்கர்களுக்கும் தெரிந்திருந்தது, ஜான் டிக்கின்சன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1773இல் அதைச் சுட்டிக்காட்டியே கம்பெனியை உள்ளே விடாதீர்கள் என்று எழுதினார். அப்புறம், கொட்டியது இந்தியத் தேயிலை என்று பலர் எழுதுகிறார்கள், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். அது சீனத் தேயிலை. இந்தியாவில் தேயிலைத் தோட்டங்கள் வந்தது 19ஆம் நூற்றாண்டில்.

செங்காந்தள்:
சம்பள விஷயம் எனக்குப் புதுசு, இருவருக்கும் நன்றி. ஆனால் துறைமுகத்தையே பார்க்காத கிராமத்து விவசாயிக்கு இதெல்லாம் எப்போது உறைத்தது?

பழைய ஏடு:
1774இல். தேயிலைக்குத் தண்டனையாக ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். கிராமங்களைச் சுட்டது அதைவிட அடுத்து வந்த மாசசூசெட்ஸ் அரசாங்கச் சட்டம். ஆளுநர் அனுமதியில்லாமல் ஊர்க்கூட்டம் வருஷத்துக்கு ஒரு தடவைதான், ஆலோசனை சபை உறுப்பினர்களை இனி அரசரே நியமிப்பார். ரோடு போடுவதிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்து பழகியவர்கள் அதைப் பொறுப்பார்களா? செப்டம்பர் 6 அன்று மாசசூசெட்ஸின் உள்நாட்டு ஊரான வூஸ்டரில் நீதிமன்றம் கூடவிருந்தது. 37 ஊர்களிலிருந்து 4,600க்கும் மேற்பட்ட ஆட்கள் வந்து தெருவின் இரண்டு பக்கமும் அணிவகுத்து நின்றார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடுவே நடந்து, புதுச் சட்டப்படி பதவி வகிக்க மாட்டோம் என்று எல்லார் காதிலும் விழும்படி திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. போரின் முதல் மோதலான லெக்சிங்டன் சண்டைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது, அதற்குள் பாஸ்டனுக்கு வெளியே பெரும்பகுதியில் பிரிட்டிஷ் நிர்வாகம் கையை விட்டுப் போய்விட்டது. என்னைக் கேட்டால் புரட்சி தொடங்கியது இங்கேதான்.

மணல்வெளி:
இதை மாசசூசெட்ஸ் கதையாக மட்டும் முடித்துவிடாதீர்கள். அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று 1763இல் அரசர் போட்ட பிரகடனத்தின் மேல் வர்ஜீனியாவின் நில முதலாளிகளுக்கு இருந்த கோபமும் இதே கணக்கில் வரும். அந்த நிலம் பூர்வகுடிகளுடையது. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தப்பி வந்து எங்கள் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்ததும், அதுவரை தயங்கிக்கொண்டிருந்த பல தோட்டக்காரர்கள் புரட்சி பக்கம் போனார்கள். யாருடைய உரிமைக்காக என்பதையும் சேர்த்தே படியுங்கள் செங்காந்தள்.