பார்க்கிங் அபராதத்துக்கு பெய்லிஃப் வந்தால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு தம்பி என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். லண்டன் வந்து ஏழு மாதம், பழைய கார் ஒன்று வாங்கி நாலு மாதம் ஆகிறது. "அக்கா, வீட்டுக்குள்ள வந்து சாமான எல்லாம் எடுத்துட்டுப் போவாங்களாமே, விசாவுக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டார். ரெண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இது முழுக்க இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்தில் முறையே வேறு.

முதலில் விசா பயம். கவுன்சில் போடும் பார்க்கிங் அபராதம் சிவில் விஷயம், குற்ற வழக்கு இல்லை. பெய்லிஃப் உங்களைக் கைது செய்ய முடியாது, உங்கள் விசாவைத் தொடவும் முடியாது. நம்மூரில் கோர்ட் அமீனா ஜப்திக்கு வருவாரே, அது போலத்தான். ஆனால் இங்கே வருபவர் அரசு ஊழியர் இல்லை. கோர்ட்டில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கவுன்சிலுக்காக வசூல் செய்யும் தனியார் நிறுவனத்தின் ஆள். கடிதங்களில் 'என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட்' என்று இருக்கும்.

அடுத்து, கையில் இருக்கும் கடிதம் எந்த வகை என்று பாருங்கள். கவுன்சில் தருவது 'பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்'. சூப்பர்மார்க்கெட், ஆஸ்பத்திரி வளாகங்களில் தனியார் நிறுவனம் தருவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. ரெண்டையும் பி.சி.என். என்றே சுருக்குவதால் ஏமாந்துபோகிறோம். தனியார் நோட்டீஸுக்காக சிவப்பு எழுத்தில் கடிதம் மேல் கடிதம் போடுபவர்கள் வெறும் கடன் வசூல் ஏஜென்சிகள். அவர்கள் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்து, அப்போதும் நீங்கள் கட்டாவிட்டால் மட்டுமே பெய்லிஃப் வர முடியும். அதற்காகக் கோர்ட்டிலிருந்து வரும் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கவுன்சில் அபராதம்தான் வேகமாக வீங்கும். எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். 2022-இல், ரெசிடென்ட் பெர்மிட் வேண்டிய இடத்தில் என் கணவர் காரை நிறுத்தினார். அபராதம் 130 பவுண்ட். 14 நாளில் கட்டியிருந்தால் பாதி, 65-உடன் முடிந்திருக்கும். கண்ணாடியில் செருகிய நோட்டீஸ் மழையில் போனதோ யாராவது எடுத்தார்களோ, எங்கள் கண்ணில் படவே இல்லை. பின்னால் வந்த தபால்கள் எல்லாம் பழைய ஃபிளாட்டுக்குப் போயின. கட்டாதவர்களுக்கு அபராதத்தை ஏற்றி அனுப்பும் 'சார்ஜ் சர்ட்டிஃபிகேட்' நிலையில் அது 50 சதவீதம் ஏறி 195 ஆனது. நார்தாம்ப்டனில் இருக்கும் டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் கடனாகப் பதிந்தார்கள், அதற்குச் சில பவுண்ட். பெய்லிஃப் கைக்குப் போனதும் 75. அவர் வாசலுக்கு வந்ததும் 235. மொத்தம் 505-க்கு மேல். (75, 235 இரண்டும் 2014 விதிகளில் உள்ள தொகைகள், எங்களிடம் வாங்கியவையும் அவையே. உங்கள் கடிதத்தில் இருப்பதை அரசு இணையதளத்தில் இருக்கும் நடப்புத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.)

இதில் எங்கள் தப்பும் உண்டு. வீடு மாறியதும் டிரைவிங் லைசென்ஸில் முகவரியை மாற்றினோம், காரின் லாக் புக்கில், அதாவது வி5சி-யில், மாற்றவில்லை. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறிவிடும் என்று நினைத்துவிட்டோம். மாறாது, தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டுமே இலவசம், ஆன்லைனில் பத்து நிமிட வேலை. வந்த முதல் ரெண்டு வருஷத்தில் மூணு வீடு மாறுகிறவர்கள் நாம். வி5சி பழைய வீட்டிலேயே கிடந்தால் கவுன்சிலின் கடிதமும் அங்கேதான் போகும்.

2023 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கேர் ஹோமில் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு இருக்கிறேன், போன் அடிக்கிறது. அத்தை. திருச்சியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார், 71 வயது, இங்கிலீஷ் தெரியாது. "அம்மாடி, போலீஸ் வந்திருக்கு. தம்பி பேரச் சொல்லுது. உள்ள வந்துடுச்சும்மா" என்று அழுகிறார். தம்பி என்றது என் கணவரை. பார்சல் என்று நினைத்துக் கதவைத் திறந்திருக்கிறார். வந்தவர் இடைவெளியில் பூட்ஸ் காலை வைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சட்டையில் சிவப்பு விளக்கோடு கேமரா இருந்ததால் அத்தைக்கு அவர் போலீஸாகத் தெரிந்திருக்கிறார். போனை வாங்கிய அந்த ஆள், டிவியைக் குறித்துக்கொண்டேன், இப்போதே முழுப் பணமும் கட்டாவிட்டால் பூட்டைத் திறக்கும் ஆளோடு, அதாவது லாக்ஸ்மித்தோடு திரும்ப வருவேன் என்றார். அத்தையின் அழுகை பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. வராந்தாவில் நின்றபடி கார்டு நம்பரைச் சொல்லிக் கட்டிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், வாசல்படியில் அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய கோல ஸ்டிக்கர் பாதி கிழிந்து, அதன்மேல் பூட்ஸ் அச்சு. அத்தை அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை.

அன்று ராத்திரி நானும் கணவரும் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தோம். அந்த ஒரு காலையில் எத்தனை தப்பு நடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

2014 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, பெய்லிஃப் வருவதற்கு முன் 7 முழு நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஞாயிறும் பேங்க் ஹாலிடேயும் அந்தக் கணக்கில் சேராது. வரும் நேரம் காலை 6 முதல் இரவு 9 வரை. கவுன்சில் பார்க்கிங் கடனுக்கு முதல் தடவை வரும்போது கதவை உடைக்கவோ, ஆளைத் தள்ளிக்கொண்டு நுழையவோ, கதவிடுக்கில் காலை வைக்கவோ கூடாது. லாக்ஸ்மித் என்பது வெறும் மிரட்டல். கிரிமினல் கோர்ட் போட்ட அபராதத்துக்கு வரும்போதுதான் அந்த அதிகாரம் வேறு மாதிரி. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நீங்களாகவே உள்ளே விட்டு, சாமான்களைப் பட்டியல் போட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டால், தவணை தவறும்போது திரும்பி வந்து கதவைத் திறக்க வைக்க முடியும். அதனால்தான் முதல் நாள் கதவு இவ்வளவு முக்கியம்.

வீட்டில் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மட்டும் இருந்தாலோ, பலவீன நிலையில் இருப்பவர் மட்டும் இருந்தாலோ உள்ளே வரவே கூடாது. யார் பலவீனமானவர் என்று அரசின் 2014 தேசிய நடத்தை நெறிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. முதியவர்கள், கர்ப்பிணிகள், கடுமையான நோயாளிகள், சமீபத்தில் நெருங்கியவரை இழந்தவர்கள் வரிசையில், இங்கிலீஷ் பேசவோ படிக்கவோ புரிந்துகொள்ளவோ வெளிப்படையாகச் சிரமப்படுபவர்களும் அதில் உண்டு. நம் வீட்டு அம்மா அப்பாக்களுக்கு இந்த ஒரு வரி பெரிய பாதுகாப்பு. கடன்காரரே அப்படிப்பட்டவராக இருந்து, ஆலோசனை பெற அவருக்கு நியாயமான வாய்ப்பு தரவில்லை என்றால், வாசலுக்கு வந்ததற்கான அந்தக் கட்டணத்தை அவரிடம் வசூலிக்கக் கூடாது என்றே கட்டண விதி சொல்கிறது.

நாங்கள் செய்ததில் மிகவும் உதவியது, அன்றைக்கே எழுதி வைத்தது. எத்தனை மணி, என்ன சொன்னார், எங்கே நின்றார் என்று அத்தை தமிழில் சொல்லச் சொல்ல எழுதி, கணவர் இங்கிலீஷாக்கினார். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்தோம். மறுநாளே அந்த நிறுவனத்துக்கு மெயில் போட்டு, கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படியும், எங்களைப் பற்றிய எல்லாத் தகவலையும் தரும்படியும் கேட்டோம். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள், பதிவுகளைக் கொஞ்ச நாளில் அழித்துவிடுவார்கள்.

அபராதம் ஒரு பாதை, பெய்லிஃபின் நடத்தை இன்னொரு பாதை. இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

அபராதத்துக்கு: கார் உரிமையாளருக்கு கவுன்சில் தபாலில் அனுப்பும் 'நோட்டீஸ் டு ஓனர்' உண்மையிலேயே உங்களுக்கு வரவில்லை என்றால் டிஇ9 என்ற படிவம். கெடு தாண்டிவிட்டால் ஏன் தாமதம் என்று விளக்கும் டிஇ7-ஐயும் சேர்த்து நார்தாம்ப்டனுக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை. முடிவு வரும் வரை வசூல் நின்றிருக்கும். ஏற்றுக்கொண்டால் விஷயம் பழைய நிலைக்குத் திரும்பும், அபராதமே ரத்தாகிவிடாது. பொய் எழுதினால் கோர்ட் அவமதிப்பு, அதனால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். எங்களுடையதை நிராகரித்துவிட்டார்கள். வி5சி-யை மாற்றாதது உங்கள் பொறுப்பு என்று கவுன்சில் எதிர்த்தது. வருத்தமாக இருந்தது, ஆனாலும் ஏற்றுக்கொண்டோம்.

நடத்தைக்கு: முதலில் நிறுவனத்துக்கே புகார் எழுதினோம். ஏஜென்ட் அமைதியாகத்தான் நுழைந்தார் என்று ரெண்டு பத்தியில் பதில் வந்தது. நிறையப் பேர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அந்த ஆளை அனுப்பியது கவுன்சில், அவர் நடத்தைக்கும் கவுன்சில்தான் பொறுப்பு. அவர்களுக்கு முறைப்படி புகார் எழுதி, கேமரா பதிவை நீங்களே பாருங்கள் என்று கேட்டோம். அத்தை கையை அசைத்து "நோ இங்கிலீஷ், நோ இங்கிலீஷ்" என்று சொல்வது அதில் இருந்தது. அஞ்சு மாதம் ஆனது. 235 பவுண்ட் திரும்ப வந்தது, அத்தை பெயருக்கு மன்னிப்புக் கடிதமும் வந்தது. அதைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கவுன்சிலும் கைவிட்டால், இங்கிலாந்தில் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்புட்ஸ்மன் இருக்கிறது, இலவசம். பெய்லிஃப் நிறுவனங்களைக் கண்காணிக்க 2022-இல் தொடங்கிய என்ஃபோர்ஸ்மென்ட் காண்டக்ட் போர்டும் இப்போது புகார்களைப் பார்க்கிறது. சான்றிதழ் கொடுத்த கோர்ட்டிலேயே இஏசி2 படிவத்தில் புகார் செய்யவும் வழி உண்டு. ஆனால் ஆதாரம் இல்லாத புகார் என்று நீதிபதி நினைத்தால் செலவு உங்கள் தலையில் விழலாம். ஆலோசனை தரும் அமைப்புகளான சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ நேஷனல் டெட்லைனிலோ கேட்டுவிட்டு அந்தப் படிவத்தைத் தொடுங்கள். ரெண்டு இடத்திலும் காசு வாங்க மாட்டார்கள்.

அந்தத் தம்பிக்கு வந்தது முதல் நோட்டீஸ், இன்னும் 75 நிலையில்தான் இருந்தது. அன்றைக்கே நிறுவனத்துக்குப் போன் செய்து தவணை கேட்கச் சொன்னேன். ஆள் வாசலுக்கு வரும் முன் பேசிவிட்டால் அதற்கான கட்டணம் மிச்சம். காரை மட்டும் கவனிக்கச் சொன்னேன், வீட்டுக்குள் வர முடியாதவர் தெருவில் நிற்கும் காருக்கு கிளாம்ப், அதாவது சக்கரப் பூட்டு, போடலாம். போட்டாலும் தூக்கிப் போகும் முன் 2 மணி நேரம் விட வேண்டும். ஃபைனான்ஸில் வாங்கிய கார் என்றால் கடன் முடியும் வரை அது ஃபைனான்ஸ் நிறுவனத்தின் சொத்து, அந்தக் கடன் பத்திரத்தை உடனே பெய்லிஃப் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மாற்றுத் திறனாளிக்கான புளூ பேட்ஜ் வண்டிக்கும் விலக்கு உண்டு. டெலிவரி, டாக்ஸி ஓட்டுபவர்களுக்குத் தொழில் சாதன விலக்கு இருக்கிறது, ஆனால் மொத்த மதிப்பு 1,350 பவுண்டுக்குள்தான்.

வருபவர் கேட்டால் அடையாள அட்டையையும் அதிகாரத்தையும் காட்ட வேண்டும். பெயரை வாங்கி, சான்றிதழ் பெற்ற பெய்லிஃபுகளின் அரசுப் பதிவேட்டில் ஆன்லைனில் தேடுங்கள். போலிகளும் உலவுகிறார்கள்.

அத்தை போன வருஷம் திரும்ப வந்தார். வருவதற்கு முன்பே ஒரு அட்டையில் தடித்த எழுத்தில் எழுதி, கதவின் உள்பக்கம் அவர் கண் மட்டத்தில் ஒட்டிவிட்டேன். "திறக்க வேண்டாம். ஜன்னல் வழியாகப் பார்க்கவும். 'லெட்டர் பாக்ஸ், ப்ளீஸ்' என்று சொல்லவும். எனக்குப் போன் போடவும்." கீழே என் நம்பர். உங்கள் அம்மா அப்பா வந்து தங்கும் வீடென்றால், இதையே எழுதி ஒட்டுங்கள்.