கீமோ நடக்கும்போது கஷாயமும் கொடுக்கலாமா?

பாம்பன் தங்கச்சி:
என் மதினிக்கு வலது மார்பில் புற்றுநோய். வயது 46. கடலில் பாசி எடுக்கிறவர். மதுரையில் அறுவை முடிந்து, அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கீமோவில் சிவப்பு மருந்து என்று சொல்கிற சிவப்பு நிற மருந்தை நான்கு முறை ஏற்றியாயிற்று. அடுத்து பேக்ளிடாக்சல் என்ற மருந்தை வாரம் ஒருமுறை ஏற்றப் போகிறார்கள்.

பார்க்க வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. முள்ளுச்சீத்தா இலை ஒரு பை, மஞ்சள் சத்து மாத்திரை ஒரு டப்பா, ஒரு வைத்தியர் கொடுத்தார் என்று காகிதத்தில் மடித்த செந்தூரம். அதைத் தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டுமாம். அம்மா இரண்டு நாளாக இலைக் கஷாயம் போட்டுக் கொடுக்கிறார். டாக்டரிடம் வாய் திறந்தால் சிகிச்சையையே நிறுத்திவிடுவார்கள் என்று எங்கள் தெருவே பயமுறுத்துகிறது. மதினி யாருக்கும் மறுப்புச் சொல்லாமல் குடித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

தொண்டி வாத்தியார்:
தாராளமாகக் கொடுக்கலாம், தங்கச்சி. நம் மாவட்டத்துக் கரிசல் காட்டில் நித்தியகல்யாணி பயிராகிறதே, சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குவோமே, அதிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்தார்கள். உங்கள் மதினிக்கு ஏற்றப்போகும் பேக்ளிடாக்சல்கூட ஒரு மரத்தின் பட்டையில் கண்டுபிடித்ததுதான். கடற்பஞ்சு என்ற கடல் உயிரியிலிருந்து வந்த எரிபுலின் என்ற மருந்தை, அதுவும் மார்புப் புற்றுக்கே, அமெரிக்கா 2010இல் அனுமதித்தது. மூலிகையை ஊசியில் அடைத்தால் விஞ்ஞானம், சட்டியில் கொதிக்கவைத்தால் மூடநம்பிக்கையா?

இரவுப்பணி செவிலி:
வாத்தியார் ஐயா சொன்ன அதே கடற்பஞ்சின் கதையை முழுவதும் சொல்கிறேன். ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சை எடுத்துப் பிரித்தபோது கிடைத்த மூலப்பொருள் 12.5 மில்லிகிராம். 1986இல் வெளிவந்த கணக்கு இது. அதைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்த பொருள் மருந்தாக வர மேலும் 24 ஆண்டுகள் பிடித்தன. ஒரு கைப்பிடி இலையில் எந்த நாள் எவ்வளவு இறங்கியது என்று சட்டிக்குத் தெரியுமா? மருந்து செடியிலிருந்து வந்தது என்பதால் செடியே மருந்தாகிவிடாது. நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்துவிட்டு வந்து படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, முதலில் முள்ளுச்சீத்தாவை நிறுத்துங்கள். அதிலுள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்பைப் பாதிக்கக்கூடியது. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் நடுக்குவாதம் போன்ற நோய் வழக்கத்துக்கு மாறாகத் தென்பட்டபோது, இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் சந்தேகித்து 1999இலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். பேக்ளிடாக்சலும் விரல் நுனியை மரத்துப்போகச் செய்கிற மருந்து. பாசி எடுக்கிறவருக்கு விரல்தான் பிழைப்பு.

தொண்டி வாத்தியார்:
விரலைப் பற்றிக் கவலைப்படுகிற உங்கள் டாக்டர், அந்த அம்மா என்ன வேலை செய்கிறார் என்று ஒருமுறையாவது கேட்டிருப்பாரா? பாம்பனிலிருந்து விடியுமுன் கிளம்பி, மதுரையில் மதியம் வரை காத்திருந்து, ஐந்து நிமிடம் முகம் பார்த்துத் திரும்புகிறார்கள். நாட்டு வைத்தியர் நாடி பிடிக்கிறார், என்ன சாப்பிட்டாய், தூங்கினாயா என்று விசாரிக்கிறார். மக்கள் எங்கே போவார்கள்?

உச்சிப்புளி:
நான் போனேன், ஐயா. என் மனைவிக்கு எலுமிச்சங்காய் அளவில் கட்டி இருந்தபோது போனேன். கத்தி வேண்டாம், லேகியத்தில் கரைத்துவிடலாம் என்றார் ஒருவர். நீங்கள் சொன்ன மாதிரியே அன்பாக விசாரித்தார். ஒவ்வொரு மாதமும் கட்டியைத் தொட்டுப் பார்த்து இளகிவிட்டது என்றார். பதினோரு மாதம். அது இளகவில்லை, தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. புண்ணுக்குத் துணி மாற்றும்போது அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போதும் யார் மீதும் வழக்குப் போடவில்லை. கூட்டிக்கொண்டு போனவன் நான்தானே.

கீழக்கரை லாத்தா:
உச்சிப்புளித் தம்பி, படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

நானும் இந்த நோயிலிருந்து மீண்டவள்தான். ஏழு வருடம் ஆகிறது. செவிலித் தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எதைக் கேட்டாலும் நிறுத்து என்பதே பதிலாக இருந்தால் எங்களுக்கு எதுவும் மிஞ்சாது. வாந்திக்கு ஊசி போட்ட பிறகும் எனக்குக் குமட்டல் நிற்காது. ஓர் அம்மா கைப்பிடித்துக் காட்டிக்கொடுத்தார். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, உள்பக்கம், இரண்டு தசைநாருக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பது. பஸ்ஸில் மதுரையிலிருந்து பரமக்குடி வரை அழுத்திக்கொண்டே வருவேன். தூக்கத்துக்கு மூச்சுப்பயிற்சி. ஏர்வாடி தர்காவில் உம்மா கட்டிவிட்ட நூலும் கையில் இருந்தது. கீமோ ஒன்றுகூடத் தவறவில்லை.

ஒரு தப்பும் செய்தேன். கை வீங்கியபோது சூடான எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடச் சொன்னேன். மறுநாள் கை மரவள்ளிக் கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் ஒரு துணியை இழுப்பது போல மெல்லத்தான் நீவ வேண்டும், அதையும் கற்றவர்தான் செய்ய வேண்டும் என்று பிறகு இயன்முறை மருத்துவர் சொன்னார்.

கடல்காற்று:
ஏர்வாடி நூலா? 2001 ஆகஸ்டில் அங்கே 28 மனநோயாளிகள் சங்கிலியோடு எரிந்ததை மறந்துவிட்டீர்களா?

கீழக்கரை லாத்தா:
மறக்கவில்லை. அது தனியார் காப்பகத்தில் கட்டிப்போட்டு வைத்தவர்கள் செய்த கொடுமை. என் உம்மாவின் நூலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

நெறியாளர்:
இந்தக் கிளை இத்துடன் போதும். தங்கச்சியின் கேள்விக்கு வாருங்கள்.

ஆதாரம் கேட்பவன்:
வாத்தியாருக்காக ஒரு கணக்கு. யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்டது. வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் அபாயம் மொத்தத்தில் 2.5 மடங்கு, மார்புப் புற்றில் மட்டும் 5.68 மடங்கு.

தொண்டி வாத்தியார்:
விட்டுவிட்டவர்கள் கணக்கை ஏன் எனக்குக் காட்டுகிறீர்கள்? நான் கீமோவை விடச் சொன்னேனா? இரண்டையும் சேர்ப்பதைப் பற்றியல்லவா பேச்சு?

ஆதாரம் கேட்பவன்:
அதற்கும் அதே ஆண்டு, அதே குழுவின் கணக்கு இருக்கிறது. சேர்த்துக்கொண்ட 258 பேருக்கும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் இருந்தது. ஆனால் இங்கே உங்கள் பக்கமும் ஒரு புள்ளி போட வேண்டும். அவர்களில் பலர் அறுவையையோ கீமோவையோ கதிர்வீச்சையோ வேண்டாம் என்றிருந்தார்கள். அதைக் கணக்கில் எடுத்தபோது தெளிவான வித்தியாசம் மிஞ்சவில்லை. கஷாயம் கொன்றது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை; கஷாயத்தோடு பழகினவர்கள் ஊசியைக் கைவிட்டதைத்தான் காட்டுகிறது.

சித்த மருத்துவம் படித்தவள்:
இரண்டு பக்கமும் என்னைத் திட்டப்போகிறீர்கள், பரவாயில்லை. ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். தங்கச்சி, அந்தச் செந்தூரப் பொட்டலத்தில் பெயர் இல்லை, தயாரித்த இடம் இல்லை, தேதி இல்லை என்றால் தொடவே தொடாதீர்கள். செந்தூரங்களில் பல, ரசம் என்கிற பாதரசமும் கந்தகமும் ஆர்சனிக் உள்ள தாளகமும் சேர்த்துப் புடம் போடுபவை. பாதரசமும் ஆர்சனிக்கும் முறை தப்பினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். பேக்ளிடாக்சல் உடம்பை விட்டு வெளியேறுவது ஈரல் வழியாகத்தான். இந்த நேரத்தில் அந்த உறுப்புக்கு இரட்டைச் சுமை வேண்டாம். புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைச் செய்கிற ஆள் எங்கள் பேரைக் கெடுக்கிற ஆள்.

மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். சத்தாக அடைத்த மாத்திரை வேறு. எலிகளில் பார்த்தபோது, சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தின் வேலையை மஞ்சளின் சத்து மட்டுப்படுத்தியது. சிவப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் அதைத்தான்.

செவிலி அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. லாத்தா சொன்ன மணிக்கட்டு அழுத்தத்தை, வாந்தி மருந்தோடு கூடுதலாகச் செய்து பார்க்கலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமே 2018இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் யோகாவையும் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் வார்டில் அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாற்காலி போட்டுக்கொடுங்கள் என்று கேட்டால், கீழ்த்தளத்து சித்தா பிரிவுக்குப் போங்கள் என்கிறார்கள்.

இரவுப்பணி செவிலி:
நாற்காலி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் கோபப்படுவது வேறு காரணத்துக்காக. எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு வெள்ளைப்படுதல், பிறகு மாதவிடாய் நின்றபின்னும் இரத்தக் கசிவு. இரண்டு வருடம் சோற்றுக்கற்றாழை, வெந்தயம், உஷ்ணம் என்றே போனது. மருத்துவமனைக்கு வந்தபோது கருப்பைவாய்ப் புற்று முற்றியிருந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் பெண்களின் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கிற அதே அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தவர்களுக்கு அப்போதே சிகிச்சை. அந்த நோயால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் வெளியிட்டார்கள். கற்றாழைக்குக் கொடுத்த இரண்டு வருடத்தில் ஒரு நாள் காலை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

தங்கச்சி, டாக்டரிடம் மறைக்காதீர்கள். இரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏறினால், கீமோவால் என்று நினைத்து அவர் மருந்தின் அளவைக் குறைப்பார். இலையால் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தொண்டி வாத்தியார்:
மறைக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். செந்தூரத்தைப் பற்றிப் படித்தவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் மறைக்க வைத்தது யார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. திட்டுகிற வாய்க்கு யார் உண்மை சொல்வார்கள்?

பாம்பன் தங்கச்சி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மதுரை போய்வந்தோம். வீட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மேஜையில் வைத்துவிட்டேன். டாக்டர் திட்டவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இலை, மாத்திரை, பொடி மூன்றையும் ஓரமாகத் தள்ளினார். இஞ்சித் துண்டையும் மூச்சுப்பயிற்சியையும் விட்டுவிட்டார். ஈரல் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். அது சரியாக வந்தால்தான் அடுத்த மருந்து. வாத்தியார் ஐயா கேட்ட கேள்வியை நானே கேட்டேன்: மதினி என்ன வேலை செய்கிறார் தெரியுமா என்று. தெரியாது என்றார். மதினி வலது கையை நீட்டி, பாறை கீறாமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக் காட்டினார். பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குகிற கை அது. நெறிக்கட்டி எடுத்த பக்கம் என்பதால் அந்தக் கையில் இனி வெட்டுக்காயமே படக்கூடாது என்று டாக்டர் சொன்னபோதுதான் மதினி அழுதார். நோய் என்று சொன்ன அன்றுகூட அழவில்லை.

அம்மா இன்னும் இலையைத் தூக்கிப்போடவில்லை. காயவைத்திருக்கிறார்.

இதையெல்லாம் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். செவிலி அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்: வாயெல்லாம் புண், ஒன்றும் இறங்கவில்லை, நுங்கு சாப்பிடலாமா?

இரவுப்பணி செவிலி:
சாப்பிடட்டும். காயை நன்றாகக் கழுவி, கத்தியையும் கழுவி, வீட்டில் வெட்டியவுடனே கொடுங்கள். பஸ் நிலையத்தில் சீவிப் பையில் போட்டு வைத்திருப்பதை மட்டும் வாங்க வேண்டாம்.