செலக்டிவிட்டிக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

ராமமூர்த்தி நகர் ஆசிரியை எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள், புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் ரேடியோ ஒன்றைத் தாங்களே செய்யப் போகிறார்கள். 7 மெகாஹெர்ட்ஸ், 5 வாட்டுக்குள், டிபன் டப்பாவில் அடங்கிவிடும். அதற்கான கையேடு வெள்ளிக்கிழமை அவென்யூ ரோடு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சன்னமான சிக்னலையும் பிடிக்கும் சென்சிடிவிட்டிக்கு உணர்திறன் என்று போட்டுவிட்டேன். பல நிலையங்களுக்கு நடுவே வேண்டியதை மட்டும் பிரித்துக் கேட்கவிடும் செலக்டிவிட்டியில் மாட்டிக்கொண்டேன். அகராதியில் தேர்வுத்திறன் கிடைத்தது. வகுப்பில் சொன்னதும், "எக்ஸாம் நல்லா எழுதறதா மிஸ்?" என்றாள் ஒருத்தி.

விளக்க வேண்டிய இடம் இது. நாம் கேட்கும் நிலையம் 700 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒலிக்கிறது. 400 ஹெர்ட்ஸ் தள்ளி இன்னொருவர் பலமாக அடித்துக்கொண்டிருக்கிறார். பேச்சுக்கான 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஃபில்டர் இருவரையும் உள்ளே விட்டுவிடும். 700-ஐ நடுவில் வைத்த 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் இரண்டாமவரை அமுக்கிவிடும். இந்தத் திறமைக்கு என்ன பெயர்?

தஞ்சைப் புலவர் எழுதியது:

அம்மா, இதற்கு ஏன் இவ்வளவு கவலை? தேர்திறன். தேர்ந்த திறன், தேர்கின்ற திறன், தேரும் திறன் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. நீங்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட உணர்திறனும் இதே கட்டமைப்புதான், ஜோடி பொருந்துகிறது. "தேறற்க யாரையும் தேராது" என்று வள்ளுவர் சொன்ன தேர்தல்தான் இது. ஓட்டுப் போடும் தேர்தலை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

ஒன்றே ஒன்று. நடுவில் 'த்' போட்டுவிடாதீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தேர்த்திறன் என்று எழுதினால் திருவாரூர்த் தேரின் பலம் என்றாகிவிடும்.

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

எங்கள் பக்கத்தில் தெரிவு என்பதுதான் வழக்கு. தெரிவுக்குழு, தெரிவுசெய்தல் என்று தினமும் பத்திரிகையில் பார்க்கிறோம். தெரிதிறன் என்றால் பரீட்சைக் குழப்பமும் வராது, தேர் குழப்பமும் வராது.

ஒயிட்ஃபீல்டு பொறியாளர் எழுதியது:

மன்னிக்கவும் ஐயா, தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தெரிதிறன் என்றால் கண்ணுக்குத் தெரிவதுதான். பனிமூட்டத்தில் ரோடு தெரிகிறதா இல்லையா என்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

தஞ்சைப் புலவர் எழுதியது:

யாழ்ப்பாணத்தாரை அப்படித் தள்ளிவிட முடியாது. நான் தேர்திறன் கட்சிதான், ஆனால் சான்று அவர் பக்கமும் இருக்கிறது. "நீரொழியப் பாலுண் குருகின் தெரிந்து" என்பது நாலடியார். நீரை விட்டுப் பாலை மட்டும் எடுக்கும் பறவையைச் சொல்லும் இடத்தில் 'தெரிந்து'தான் வருகிறது. உங்கள் ஃபில்டர் செய்வதும் அதுதானே? கிறித்தவ நண்பர்கள் "அழைக்கப்பட்டவர்கள் அநேகர், தெரிந்துகொள்ளப்பட்டவர்களோ சிலர்" என்னும் விவிலிய வசனத்தைக் கேட்டிருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. மாணாக்கரை வகைப்படுத்தும் நன்னூல் அன்னத்தைத் தலைமாணாக்கர் வரிசையில் வைக்கிறது. நெய்யரியை, அதாவது நெய் வடிகட்டும் பன்னாடையை, கடைமாணாக்கர் வரிசையில் தள்ளுகிறது. காரணம், அது நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசண்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஃபில்டருக்கு வடிகட்டி என்று எழுதும் எல்லாரும் நன்னூல் எழுதிய பவணந்தியாரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒயிட்ஃபீல்டு பொறியாளர் எழுதியது:

குருகு கொக்கா, நாரையா, அன்னமா என்று யாராவது ஆரம்பிக்குமுன் கையேட்டுக்குத் திரும்பலாமா?

அல்சூர்க்காரர் எழுதியது:

(குருகு கொக்குதான். அல்சூர் ஏரியில் வந்து பாருங்கள்.)

முப்பது வருஷத்துக்கு மேல் பெங்களூரில் இருந்துகொண்டு காதில் தினம் விழும் சொல்லை விட்டுவிட்டீர்களே. கன்னடத்தில் தேர்வுக்கு 'ஆய்கெ' என்கிறார்கள். அந்த ஆய் நம்முடையதும்தான். இன்றும் வீட்டில் கீரை ஆய்கிறோம். பழுத்த இலை, புல், பூச்சி எல்லாம் போக வேண்டியது மட்டும் கையில் நிற்கிறது. செலக்டிவிட்டி என்பது அச்சு அசல் அதுதான். ஆய்திறன் என்று வையுங்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் புரியும்.

ராமமூர்த்தி நகர் ஆசிரியை எழுதியது:

அண்ணா, சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் 'ஆய்' என்று ஆரம்பிக்கும் சொல்லைச் சொன்னால் அந்த மணி நேரம் முழுக்கச் சிரிப்புதான். பெரியவர்கள் படித்தாலோ ஆராய்ச்சித் திறன் என்று நினைப்பார்கள்.

அல்சூர்க்காரர் எழுதியது:

பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பயந்து மொழியை விட்டுக்கொடுப்பதா?

மல்லேஸ்வரம் ஹாம் எழுதியது:

ஹாம் ரேடியோவைப் பொழுதுபோக்காக நடத்துகிறவன் சொல்கிறேன், புலவர்கள் சண்டையில் பொருளைக் கோட்டை விடுகிறோம். முதலில் ஒரு சந்தேகம்: ஃபில்டர் எதையாவது தேர்ந்தெடுக்கிறதா? நமக்கு வேண்டியவர் யாரென்று அதற்குத் தெரியாது. டயலைத் திருப்புகிற நாம்தான் தேர்கிறோம். அதன் வேலை மற்றவர்களைத் தள்ளுவது. அந்தக் கணக்கில் விலக்குதிறன் என்பதே நேர்மையான சொல்.

இரண்டாவது, அகலம் மட்டும் செலக்டிவிட்டி ஆகாது. இரண்டு ஃபில்டர்கள் இருக்கின்றன. சிக்னலின் பலம் 6 டெசிபல் குறையும் இடத்தில் அகலத்தை அளந்தால் இரண்டுமே 500 ஹெர்ட்ஸ். 60 டெசிபல் குறையும் இடத்தில் அளந்தால் ஒன்று 1 கிலோஹெர்ட்ஸ், மற்றது 2.5 கிலோஹெர்ட்ஸ். பக்கத்தில் பலமான நிலையம் வரும்போது முதலாவது காப்பாற்றும், இரண்டாவது கைவிடும். பெட்டியின் மேல் இரண்டுக்கும் '500' என்றுதான் போட்டிருப்பார்கள். ஃபில்டரின் ஓரம் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்னும் இந்தச் சரிவைக் கையேட்டில் சொல்லாமல் எந்தத் தனித்தமிழ்ச் சொல்லை வைத்தாலும் பிள்ளைகளுக்குப் பயனில்லை.

குறுக்கிக்கொண்டே போனால் நல்லது என்றும் எழுதிவிடாதீர்கள் மேடம். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லிசெகண்டு. 100 ஹெர்ட்ஸுக்குக் குறுக்கிய ஃபில்டரில் ஒவ்வொரு புள்ளிக்கும் வால் முளைக்கும். மணியடித்த மாதிரி ரீங்காரம் அடுத்த புள்ளிக்குள் வழியும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் 4.9152 மெகாஹெர்ட்ஸ் படிகங்களில் (கிரிஸ்டல்) ஒரு கைப்பிடி வாங்கி, அளந்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் நாலைத் தேடி எடுத்து ஏணி வடிவில் ஃபில்டராகக் கட்டுங்கள். நடுவில் வரும் மின்தேக்கிகளைப் பெரிதாக்கினால் அகலம் குறையும், கூடவே சிக்னலும் கொஞ்சம் தேயும். டப்பாவில் இடம், பேட்டரி, காசு எல்லாம் பார்த்தால் நாலு படிகம் போதும்.

படிக ஃபில்டரே இல்லாமல், சிக்னலை நேராக ஒலியாக மாற்றும் நேரடி மாற்ற ரிசீவர் வேண்டாம். அதில் ஒரே நிலையம் டயலில் இரண்டு இடத்தில் கேட்கும். பின்னால் எவ்வளவு குறுகலான ஆடியோ ஃபில்டர் போட்டாலும், வேண்டியவர் ஒரு பக்கமும் வேண்டாதவர் மறுபக்கமும் ஒரே சுருதியில் வந்துவிட்டால் அதனால் பிரிக்க முடியாது.

யாராவது பிரிதிறன் என்று சொல்லுமுன்: அது ஒளியியலில் தொலைநோக்கிக்குப் போய்விட்டது. தமிழில்தான் வேண்டுமென்றால் விலக்குதிறன், ஆனால் என் ஓட்டு செலக்டிவிட்டிக்கே. ஹாம் லைசென்ஸ் தேர்வில் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள்.

தஞ்சைப் புலவர் எழுதியது:

தேர்வில் கேட்பார்கள் என்றால் நாம் இந்தக் குழுமமே நடத்த வேண்டியதில்லை. உணர்திறன் என்பதை ஏற்றுக்கொண்டவருக்குத் தேர்திறன் மட்டும் ஏன் தொண்டையில் சிக்குகிறது?

விவேக்நகர் தாத்தா எழுதியது:

நான் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன். 2013 ஜூலையில் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள். வரும் செய்தியை ஒலிக்கும் எங்கள் சவுண்டர் கருவியில் சுருதி கிடையாது, டக் டக் என்ற சத்தம்தான். வரிசையாக நாலைந்து மேசையில் நாலைந்து சவுண்டர் ஒரே நேரத்தில் அடிக்கும். பக்கத்து மேசைச் செய்தியை விட்டுவிட்டு என் செய்தியை மட்டும் எழுதிக்கொள்வேன். அதற்கு எந்தப் படிகமும் கிடையாது, பெயரும் கிடையாது. பிள்ளைகளுக்கு முதலில் காதைப் பழக்குங்கள். அகலமான ஃபில்டரில் இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்கவிட்டு, ஒருவரை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஃபில்டரைப் போடுங்கள். என்ன பெயர் வைத்தாலும் புரிந்துகொள்வார்கள்.

ராமமூர்த்தி நகர் ஆசிரியை எழுதியது:

தாத்தா சொன்னதை முதல் பாடப் பயிற்சியாகவே சேர்த்துவிட்டேன்.

நேற்று இரவு முடிவு செய்தேன். தேர்திறனுக்கு ஐந்து பேர், செலக்டிவிட்டிக்கு மூன்று பேர், தெரிதிறன், ஆய்திறன், விலக்குதிறன் ஆளுக்கு ஒன்று. முதல் முறை வரும் இடத்தில் 'தேர்திறன் என்னும் செலக்டிவிட்டி', அதன்பின் தேர்திறன் மட்டும். சரிவுக்குத் தனிப் பத்தியும் படமும் உண்டு. ஃபில்டர் ஃபில்டராகவே இருக்கட்டும், பவணந்தியார் மன்னிப்பார்.

இன்று காலை அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. பதினேழு இடத்திலும் தேர்த்திறன். தட்டச்சு செய்தவர் சந்திப்பிழை என்று நினைத்து அக்கறையாகத் திருத்தியிருக்கிறார். ஒவ்வொன்றாக 'த்' எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அல்சூர்க்காரர் எழுதியது:

ஆய்திறனுக்கு இந்தச் சிக்கலே கிடையாது என்பதைப் பதிவு செய்கிறேன்.

மல்லேஸ்வரம் ஹாம் எழுதியது:

இரண்டாம் பதிப்புக்கு விலக்குதிறனை மறுபடி கொண்டுவருவேன். அது கிடக்கட்டும், அந்த 6க்கும் 60க்கும் உள்ள அகல விகிதத்துக்குப் பெயர் வைக்காமலே படத்தை அனுப்பிவிட்டீர்களே மேடம்?