முனியறைப் பாறையில் ஒரு நீலக் குருவி, என்ன பறவை?

கரும்புக்காட்டான்:
மறையூர் பக்கம் எங்களுக்குக் கரும்புத் தோட்டம். வெல்ல ஆலைக்குப் பின்னால் ஏறினால் முனியறைப் பாறை (முனியறை என்றால் பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடிய பழங்காலக் கல்திட்டை). ஐப்பசி மழை விட்டதிலிருந்து தினமும் காலையில் ஒரு பறவை முனியறையை மூடியிருக்கிற பலகைக்கல் நுனியில் வந்து உட்காருகிறது. மைனா அளவு, கொஞ்சம் ஒல்லி. தூரத்தில் கறுப்பாகத் தெரியும், வெயில் பட்டால் சிலேட்டு நீலம். ஒற்றைதான், ஜோடி இல்லை, கத்துவதும் இல்லை. சீகாரப் பூங்குருவி என்கிறார் அண்ணன், ஆனால் அது ஓடைப் பக்கம் அல்லவா இருக்கும்? செல்போனில் எடுத்த படம் கறுப்புப் புள்ளியாக வந்திருக்கிறது, போட்டால் சிரிப்பீர்கள்.

உடுமலைக்காரி:
அண்ணன் சொல்வது தப்பு. சீகாரப் பூங்குருவி இதைவிடப் பெரிது, நெற்றியிலும் தோளிலும் பளபளவென்று நீலம் மின்னும், விடியலில் விசிலடித்து ஊரையே எழுப்பும். உங்களுடையது நீலப் பூங்குருவி, ஆண். பெண்ணுக்கு நீலம் இருக்காது, பழுப்புச் சாம்பல் உடம்பில் அடிப்பக்கமெல்லாம் செதில் மாதிரி கோடுகள். இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் பாறை இடுக்குகளில் கூடு கட்டிவிட்டு குளிருக்கு இங்கே இறங்கி வருகிறது, ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். ஒரு பாறைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருப்பதால்தான் கண்ணில் படுவது குறைவு. மால்டா நாட்டுக்காரர்கள் இதைத் தேசியப் பறவையாக வைத்திருக்கிறார்கள், நீங்கள் கறுப்புப் புள்ளி என்கிறீர்கள்!

பாறைப்பல்லி:
நானும் நீலப் பூங்குருவி என்றுதான் சொல்வேன், ஆனாலும் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் தம்பி. வயிறு ஆரஞ்சாகவும் இறக்கையில் வெள்ளைத் திட்டும் இருந்தால் அது நீலத்தலைப் பூங்குருவி, அதுவும் குளிர்கால விருந்தாளிதான், ஆனால் மர நிழலை விட்டு இப்படி மொட்டைப் பாறைக்கு வராது. வயிறும் வாலும் செம்பழுப்பாக, முதுகில் வெள்ளை தெரிந்தால் மட்டும் உடனே இங்கே எழுதுங்கள், அது ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய பறவை, நம் பக்கம் வந்தால் பெரிய செய்தி. அப்புறம் ஒன்று, செல்போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள், இடத்தை விட்டே ஓட்டிவிடுகிற வேலை அது. 1933இல் பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி திருவிதாங்கூர் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தபோது உங்கள் ஊரில்தான் முகாம் போட்டார், தெரியுமா?

கரும்புக்காட்டான்:
சாலிம் அலி விஷயம் புதுசு, நன்றி. நேற்று ஒருவரிடம் பைனாகுலர் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஆரஞ்சும் இல்லை, முதுகில் வெள்ளையும் இல்லை, வயிற்று நீலத்தின் மேல் மட்டும் மெல்லிய செதில் கோடுகள். அதுவும் பெண்ணுக்குத்தான் என்று நினைத்துக் குழம்பினேன்.

உடுமலைக்காரி:
குழப்பம் வேண்டாம். குளிர்காலத்தில் ஆணுக்கும் இறகு ஓரம் வெளுத்து அப்படித் தெரியும், நாளாக ஆக அந்த ஓரம் தேய்ந்து சுத்த நீலமாகிவிடும். மாசி கடைசியில் இன்னொரு தடவை பாருங்கள்.

கரும்புக்காட்டான்:
சரிக்கா. கல்லிலிருந்து தொப்பென்று புல்லில் குதித்து ஒரு வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு, மறுபடி அதே நுனிக்கு வந்து கல்லில் அடித்து அடித்துத் தின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் பலகைக்கல் முழுக்க வெள்ளை எச்சம், வெட்டுக்கிளிக் கால் இரண்டு. போன வருசமும் இதே கல்லில்தான் ஒன்று உட்கார்ந்திருந்தது என்கிறார் ஆலையில் பாகு கிண்டுகிற பெரியவர். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.